பன்னிரண்டு மாதத் தெய்வம்

ஃபெய்ஜோவா பழத்தை மரத்திலிருந்து பறிக்கக் கூடாது. தானாக விழ வேண்டும். விழுந்ததைப் பொறுக்கினால்தான் இனிப்பு. மவுண்ட் ஆல்பர்ட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு மரங்கள் நிற்கின்றன. இந்த வருடம் ஏப்ரல் முழுக்க ஜேசன்தான் காலையில் வாளியோடு போய்ப் பொறுக்கி வந்தான். அவன் கணுக்காலில் கட்டியிருந்த பட்டை வேலி வரைக்கும் விட்டது. வேலியைத் தாண்டினால் எங்கோ ஓர் அலுவலகத்தில் மணி அடிக்கும். அவன் ஒரு நாளும் தாண்டியதில்லை. நல்ல பிள்ளை.

கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னால் போதும் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். ஆனால் நீங்கள் கேட்டது 'ஏன்' என்று. அதற்கு ஒரு வார்த்தையில் பதில் கிடையாது, சார்.

எனக்கு ஆங்கிலம் நன்றாகவே வரும். ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடம் எக்ஸ்ரே எடுத்தவள் நான். மூச்சை இழுங்கள், பிடித்துக்கொள்ளுங்கள், விடுங்கள் என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவை ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் தமிழில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதனால்தான் மொழிபெயர்க்க ஆள் கேட்டேன். வந்தது கம்சாயினி, யாழ்ப்பாணத்துப் பெண். பாவம், பேனாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "தண்ணி கொஞ்சம் குடிக்கிறீங்களோ அம்மா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டாள். எனக்கு வேண்டாம்மா. நீ குடி.

என் பெயர் பாக்யலட்சுமி. திருச்சியிலிருந்து வந்து இருபத்தேழு வருடமாகிறது. என் கணவர் தண்டபாணி குடித்துக் குடித்தே ஈரல் கெட்டு இறந்தார். அப்போது எங்கள் ஒரே பையன் நிதினுக்கு ஒன்பது வயது. பதினெட்டு ஆன அன்று அவனை அப்பாவின் படத்துக்கு முன்னால் நிறுத்தினேன். 'குடியைத் தொட மாட்டேன்' என்று கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தான். எங்கள் ஊரில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. மீறினால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித்தருவதில்லை. யாரும் மீறுவதில்லை என்பதால்தான்.

ஜேசன், நிதினின் சிநேகிதன். பன்னிரண்டு வயதிலிருந்து இரண்டு பேரும் ஒரே பள்ளிக்கூடம். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்த கிறிஸ்தவக் குடும்பம். அப்பாவுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு கிடங்கில் வேலை. அம்மா ஜோசபின் த்ரீ கிங்ஸ் பகுதியில் ஒரு துணிக்கடையில் நிற்கிறாள். ஜேசன் என் கையால் எத்தனை இட்லி தின்றிருப்பான் என்று எனக்குக் கணக்கில்லை.

போன வருடத்துக்கு முந்தைய வருடம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டு பேரும் பிஹா கடற்கரைக்குப் போய்விட்டு மத்தியானம் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மலைப்பாதை வளைவில் கார் ரோட்டை விட்டு இறங்கி மரத்தில் மோதியது. பின்னால் வந்த வண்டிக்காரர்கள் ஓடிப் போனபோது நிதின் புல்லில் கிடந்தான். ஜேசன் அவன் தலையை மடியில் வைத்திருந்தான். "நான்தான் ஓட்டினேன்" என்று யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான். போலீஸிடமும் அதையே சொன்னான், கோர்ட்டிலும் அதையே சொன்னான். ஆஸ்பத்திரிக்கு வரும் வழியிலேயே என் பிள்ளை போய்விட்டான்.

அறிக்கையில் நிதினின் ரத்தத்தில் மது இருந்தது என்று ஒரு வரி இருந்தது. ஜேசனின் ரத்தத்தில் இல்லை. இவன் ஊற்றிக் கொடுத்திருப்பான், அவன் குடித்திருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லிக்கொண்ட பிறகு தூக்கம் வந்தது.

உயிருக்கு உயிர் வேண்டும் என்று எனக்கு இருந்தது. அதை மறைப்பதற்கில்லை. துக்கம் கேட்க வந்தவர்கள் "மனசைத் தேத்திக்குங்க" என்று சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டே ஜேசனின் கழுத்தைப் பற்றி யோசித்தேன். ஆனால் கழுத்தை நெரிப்பதெல்லாம் தெருச்சண்டைக்காரர்கள் செய்கிற காரியம். எனக்கு அதில் நிறைவு இல்லை.

ஜனவரியில் நிதினின் நோட்டுகளை எடுத்துப் படித்தேன். அவன் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். பழைய மெக்சிகோவில் வாழ்ந்த அஸ்டெக் மக்களின் தெய்வங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருந்தான். அதில் டெஸ்காட்லிபோகா என்று ஒரு தெய்வம். புகையும் கண்ணாடி என்று அதற்கு அர்த்தமாம். மனுஷனுடைய மனசுக்குள் இருப்பதையெல்லாம் அந்தக் கண்ணாடியில் பார்த்துவிடும். அதற்கு ஒரு பாதம் கிடையாது. பூமி பிறந்தபோது ஒரு முதலை கடித்துக்கொண்டு போய்விட்டது. பாதம் இருந்த இடத்தில் கறுப்புக் கண்ணாடியைக் கட்டிக்கொண்டிருக்கும்.

வருடா வருடம் மே மாதத்தில் அந்தத் தெய்வத்துக்கு ஒரு திருவிழா. அதற்கு ஒரு வருடம் முன்பே, போரில் பிடிபட்டவர்களில் ஓர் இளைஞனைத் தேர்ந்தெடுப்பார்கள். உடம்பில் ஒரு குறை இருக்கக் கூடாது. அவனுக்குப் புல்லாங்குழல் வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். நல்ல துணி, நல்ல சாப்பாடு, கழுத்தில் பூமாலை, காலில் பொன் சலங்கை. தெருவில் அவன் நடந்தால் ஜனங்கள் மண்ணைத் தொட்டுக் கும்பிடுவார்கள். கடைசி இருபது நாளைக்கு நான்கு பெண்களை அவனோடு இருக்கவிடுவார்கள். திருவிழா அன்று அவனே கோயில் படியில் ஏறுவான். படிக்கு ஒரு புல்லாங்குழலாக உடைத்துப் போட்டுக்கொண்டே ஏறுவான். உச்சியில் பூசாரிகள் கல் கத்தியோடு அவனுக்காகக் காத்திருப்பார்கள்.

இதில் ஒரு விஷயத்தை நிதின் இரண்டு தடவை அடிக்கோடு போட்டிருந்தான். அந்த இளைஞன் தெய்வ வேஷம் போட்டவன் இல்லை. அந்த ஒரு வருடம் அவனே அந்தத் தெய்வம்.

அப்போதுதான் வக்கீல்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. ஜேசனுக்கு வீட்டுக் காவல் கிடைக்கலாம், அதிகபட்சம் பன்னிரண்டு மாதம். காலில் கறுப்புப் பட்டை கட்டுவார்கள். மே மாதத்தில் தீர்ப்பு.

இந்த நாட்டில் தீர்ப்புக்கு முன்னால் குற்றம் செய்தவரையும் பாதிக்கப்பட்டவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவிடுகிற ஒரு கூட்டம் உண்டு. அதில் ஜேசன் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர்கள் இருந்தது வாடகை வீடு. அந்த வீட்டுக்காரர் இதற்கெல்லாம் சம்மதிக்கவில்லை என்று ஜோசபின் அழுதாள். "ஜெயிலுக்குத்தான் போவான் அக்கா. அங்க இவன் செத்துடுவான் லா" என்று தன் மலேசியத் தமிழில் சொன்னாள்.

"என் வீட்டுக்கு அனுப்பு" என்றேன். "நிதின் ரூம் சும்மாதானே கிடக்கு."

ஜோசபின் என் காலில் விழுந்தாள். "நீங்க மனுஷி இல்ல அக்கா. தெய்வம்."

"தெய்வம் நான் இல்ல ஜோசபின்" என்றேன். அது உண்மை.

அதிகாரிகளுக்கு லேசில் ஒப்பவில்லை. மூன்று தடவை வீட்டுக்கு வந்தார்கள். மூன்று தடவையும் டீ போட்டுக் கொடுத்தேன். மன்னிப்பைப் பற்றி நான் பேசியதை ஓர் அம்மாள் குறிப்பெடுத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கியது. சம்மதித்துவிட்டார்கள்.

ஜேசனை நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். நிதினின் படுக்கை, நிதினின் போர்வை. இரண்டு பேருக்கும் ஒரே அளவு, அதனால் சட்டைகளும் நிதினுடையவை. வெள்ளிக்கிழமை பாயசம். ஞாயிற்றுக்கிழமை மீன், அவன் கிறிஸ்தவப் பிள்ளை என்பதால் கோழியும். வாசிக்கத் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுப் புல்லாங்குழல் சொல்லிக்கொடுக்க வைத்தேன். முதல் மாதம் பூனையை மிதித்த மாதிரி இருந்தது. மூன்றாவது மாதம் வாசலில் நடந்து போனவர்கள் நின்று கேட்டார்கள்.

எங்கள் கோயில் ஆட்கள் வந்தார்கள், ஜேசன் குடும்பம் போகிற சர்ச்சிலிருந்தும் வந்தார்கள். மன்னிக்கப்பட்ட பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று வரிசையாக வந்தார்கள். பழம் கொண்டுவந்தார்கள், அவன் தலையில் கை வைத்தார்கள். ரங்கநாதன் என்று எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர், ரிட்டயர் ஆன இன்ஜினியர், அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டே விட்டார். நான் யாரையும் தூண்டிவிடவில்லை.

ஒரு நாள் தட்டில் மூன்றாவது தடவை சோறு வைத்தபோது ஜேசன் சிரித்தான். "ஆன்ட்டி, நிதின் எழுதினானே அந்த அஸ்டெக் ஆளு. அவனுக்குப் போடற மாதிரி எனக்குப் போடறீங்க லா. கடைசியில ஹார்ட்டை எடுத்துருவீங்களா?"

"முதல்ல தட்டைக் காலி பண்ணு. மிச்சத்தை அப்புறம் பேசலாம்" என்றேன்.

"இந்த வத்தக்குழம்புக்கு ஹார்ட் என்ன, கிட்னியும் சேர்த்துத் தரலாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு கேட்ட சிரிப்பு அது.

மூன்றாவது மாதம் நான் அவனை நிதின் என்று கூப்பிட்டேன். வாய் தவறி அல்ல. அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். அப்புறம் "என்னம்மா" என்றான். அன்றிலிருந்து ஆன்ட்டி என்று கூப்பிடவில்லை.

நான்காவது மாதம், ஒரு சனிக்கிழமை. எங்கள் வீட்டில் ஆண்பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். ஜேசன் அதுவரை வெட்கப்பட்டுத் தள்ளிப் போட்டுக்கொண்டே இருந்தான். அன்று சட்டையைக் கழற்றிவிட்டு முக்காலியில் உட்கார்ந்தான். தலையில் எண்ணெய் வைத்துத் தோளுக்கு இறங்கினேன். இடது காறை எலும்புக்கு மேல் ஒரு தழும்பு. அங்கிருந்து மார்பின் குறுக்கே வலப்பக்கம் இறங்கி மங்கியிருந்தது.

கார் பெல்ட் அழுத்திய தழும்பு அது. விபத்தில் சிக்கியவர்களை ஆயிரக்கணக்கில் படம் எடுத்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நம் ஊரைப் போல இங்கேயும் ஸ்டியரிங் வலது பக்கம். ஓட்டுகிறவனுக்கு பெல்ட் வலது தோளில் வரும். பக்கத்தில் உட்காருகிறவனுக்கு இடது தோளில் வரும். ஜேசனுக்கு இடது தோளில் இருந்தது.

காரை ஓட்டியது நிதின். குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான். மோதிய பிறகு ஜேசன் அவனை வெளியே இழுத்துப் புல்லில் போட்டிருக்கிறான். அப்போது நிதினுக்கு உயிர் இருந்தது. அவன் என்ன கேட்டிருப்பான் என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கேட்டிருப்பான். ஜேசன் வாக்குக் கொடுத்திருப்பான். பிழைத்துவிடுவான் என்று நினைத்திருப்பான். அவன் செத்த பிறகு அந்த வாக்கை மாற்ற இந்தப் பிள்ளைக்கு மனசு வரவில்லை.

நான் எண்ணெயைத் தேய்த்து முடித்தேன். "வெந்நீர் ரெடியா இருக்கு, போய்க் குளி" என்றேன்.

இந்த இடத்தில் நீங்கள் குறுக்கிட்டீர்கள். அவன் குற்றமில்லாதவன் என்று தெரிந்த பிறகும் எட்டு மாதம் பாக்கி இருந்ததே, ஏன் நிறுத்தவில்லை என்றீர்கள். கம்சாயினி அதைத் தமிழில் கேட்டபோது அவள் குரல் உடைந்தது. ஆனால் விடையை நான் ஏற்கெனவே சொல்லிவிட்டேன், சார். குறை உள்ளவனை அந்தத் தெய்வம் ஏற்காது. அதுவரை எனக்கு உள்ளூர ஒரு சந்தேகம் இருந்தது, கொலைகாரன் ஒருவனைக் கொண்டுபோய் அந்தப் படியில் ஏற்றலாமா என்று. அந்தச் சனிக்கிழமை சந்தேகம் தீர்ந்தது. இவனிடம் ஒரு குறையும் இல்லை. சிநேகிதனுக்காகப் பழியைச் சுமந்து, அந்தச் சிநேகிதனின் அம்மாவுக்குப் பிள்ளையாகவும் இருந்தவன். இவனைவிடச் சுத்தமானவன் எங்கே கிடைப்பான்?

அதற்குப் பிறகு இன்னும் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி இருபது நாளும் அவனுடைய சிநேகிதிகளை வரச் சொன்னேன். சிந்து என்று ஒரு வாயாடிப் பெண், இன்னும் மூன்று பேர். பிரியாணி செய்தேன். "ஆன்ட்டி, இவனை வெளியில விட்டா எங்க வீட்டுக்கு வரமாட்டான். உங்க சமையலுக்கே திரும்பக் குற்றம் பண்ணுவான்" என்றாள் சிந்து. நான்கு பேரும் அவனைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு பாட்டுக் கேட்டார்கள். எனக்குப் பார்க்க நிறைவாக இருந்தது.

போன செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அதிகாரி வந்து பட்டையைக் கழற்றினார். அவனுக்குக் கை கொடுத்தார், எனக்கும் கொடுத்தார். ஜோசபின் இரண்டு மணிக்குக் கூட்டிப் போக வருவதாக ஏற்பாடு.

எங்கள் வீட்டுப் பின்பக்கம் தோட்டத்திலிருந்து மேல்தளத்துக்கு ஏழு மரப்படிகள். ஏழு புல்லாங்குழல் வாங்கி வைத்திருந்தேன். நிதினின் நீலச் சட்டையைப் போடச் சொன்னேன். சாமந்தி மாலை போட்டேன்.

"நிதினோட கட்டுரை இந்த இடத்துலதான் நின்னு போச்சு" என்றேன். "அவனுக்காக ஒரு தடவை செஞ்சு காட்டு கண்ணா."

அவனுக்கு உடனே புரிந்தது. நிதினுக்குச் செய்கிற அஞ்சலி என்று புரிந்துகொண்டான். "அவன் இருந்தா வீடியோ எடுத்திருப்பான் லா" என்றான். படிக்கு ஒன்றாக, இரண்டு வரி வாசித்துவிட்டு முழங்காலில் வைத்து ஒடித்துப் போட்டான். நாலாவது படியில் அவனுக்கு அழுகை வந்தது. ஆனால் நிற்கவில்லை. யாரும் அவனைத் தள்ளவில்லை. அவனாகவேதான் ஏறினான்.

மேலே சாய்வு நாற்காலியும் பாயசமும் வைத்திருந்தேன். பாயசத்தில் என் தூக்க மாத்திரைகள். குடித்துவிட்டு வெயிலில் சாய்ந்தான். கொஞ்ச நேரம் கழித்து என் கையைப் பிடித்தான்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். அன்னைக்குக் கார்ல..."

அவன் வாயை மூடினேன். மெதுவாகத்தான். "வேண்டாம்ப்பா. தூங்கு."

தூங்கினான். அதற்கப்புறம் சமையலறைக் கத்தி. மார்புக்கூட்டுக்குள் இதயம் எந்தப் பக்கம் எவ்வளவு சாய்ந்திருக்கும் என்பது என் தொழில். அவன் முழித்துக்கொள்ளவில்லை. பிறகு கை கழுவிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு, ஒன்றரை மணிக்கே உங்களுக்குப் போன் செய்தேன். ஜோசபின் முதலில் பார்த்துவிடக் கூடாதே. அந்த அளவுக்கு எனக்கும் மனசு இருக்கிறது.

இவ்வளவுதான். நான் முடித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆனால் நீங்கள் காகிதத்தைப் புரட்டி இன்னொன்று கேட்டீர்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டில், நிதினின் உடம்பைத் துடைத்து உடுத்திவிட்டது அவன் தாய் என்று இருக்கிறது. அப்போது அவன் தோளைப் பார்க்கவில்லையா என்று கேட்டீர்கள்.

கம்சாயினி, அந்தத் தண்ணீரைக் கொடம்மா.

பார்த்தேன். வலது தோளிலிருந்து இடது இடுப்பு வரைக்கும் பெல்ட் தடம். அப்போது அது தழும்பு அல்ல, கறுப்பாகக் கன்றியிருந்தது. பார்த்தவுடன் புரிந்தது. புரியாமல் இருக்க என்னால் முடியாது. சட்டையின் மேல் பொத்தான் வரைக்கும் போட்டு மூடினேன். கதவுக்கு வெளியே ஜேசன் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். நான்தான் ஓட்டினேன் ஆன்ட்டி, என்னை அடிங்க என்றான். நான் அடிக்கவில்லை.

நான்காவது மாதம்தான் தெரிந்தது என்று சற்றுமுன் சொன்னேன். அதையும், ஜேசனின் கழுத்தைப் பற்றி யோசித்தேன் என்றதையும் அடித்துவிடுங்கள். ஜேசன் குற்றவாளியாக இருந்திருந்தால் அவனைக் கோர்ட்டுக்கே விட்டிருப்பேன். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்துவிட்டு அதை மீறியவன், அவன் அப்பன் போன வழியிலேயே போய் என்னைத் தனியாக விட்டவன், தண்டனைக்கு அகப்படாமல் முந்திக்கொண்டு செத்துப்போனான். செத்தவனை எப்படி அடிப்பது? அவன் திரும்பி வர ஓர் உடம்பு வேண்டியிருந்தது. சட்டையைப் போட்டுவிட்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்னம்மா என்று அவன் வாயால் கேட்கும் வரைக்கும் காத்திருந்தேன்.

ஜோசபினிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். ஜேசன் மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் இருந்ததில்லை.